இர்யாவின் இடது கால்

இந்தக் குளிர்காலத்தில் இர்யாவுக்குக் கால் குளிரவே இல்லை. பள்ளிச் சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். எல்லோருக்கும் அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. வடகோடிக் குளிர் நாட்டிலுள்ள ஔலு நகரத்தில் பனி கொட்டுகிறதே என்று சைக்கிளை மூலையில் சாத்தி வைப்பவர்கள் குறைவு. கார் ஓடும் சாலையைக் கவனிப்பதற்கு முன்னால் சைக்கிள் பாதையைத்தான் பனிவண்டி வந்து வழித்துவிட்டுப் போகும். ஆகவே காலையில் வேலைக்கு வந்ததும் இந்த ஊர்ப் பெண்கள் பேசுகிற முதல் பேச்சு புருஷனைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ அல்ல, கால்விரலைப் பற்றித்தான்.

"விரல் இருக்கா போச்சான்னே தெரியல," என்று சொல்லிக்கொண்டே சைமா உள்ளே வந்தாள். சமையலறையில் அவள்தான் இளையவள். பூட்ஸைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் சுவரோர ஹீட்டரின் மேல் தூக்கி வைத்தாள். காலில் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

இர்யா கேரட் நறுக்குவதை நிறுத்தினாள். "என்ன கண்றாவி அது?"

"மூணு சாக்ஸ் போட்டு மேல பை கட்டியிருக்கேன். ஈரம் ஏறாதுல்ல?"

"ஈரம் வெளியிலேருந்தா வருது? உன் வேர்வையே போதும். கால ஊறுகா போட்டுட்டு வந்திருக்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். சைமாவுக்கு முகம் சிவந்தது. "சரிம்மா மகராசி, நீயே சொல்லு."

"பூட்ஸ் ரெண்டு சைஸ் பெருசா வாங்கு. அடியில கம்பளி அட்டை. மேல ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அவ்வளவுதான். உள்ள விரல ஆட்ட முடியணும். மூணு சாக்ஸத் திணிச்சா ரத்தம் எங்க ஓடும்? இறுக்கிப் பிடிச்ச கால், நனைஞ்ச கால், ரெண்டும் செத்த கால்தான்."

சொல்லி முடித்ததும் அந்தக் கடைசி வார்த்தை இர்யாவையே சுட்டது. குனிந்து வேகவேகமாகக் கேரட்டை நறுக்கினாள். ஊருக்குத்தான் உபதேசம்!

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் பள்ளியில் பட்டாணி சூப்பும் அப்பமும். பெரிய அண்டாவைக் கிண்டிக் கிண்டி அன்றெல்லாம் நின்றபடியே வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறைச் செருப்பைப் பையிலிருந்து எடுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. கவிழ்த்தாள். குளிர்கால சைக்கிள் டயரில் பதித்திருக்கும் இரும்பு ஆணி ஒன்று விழுந்தது. இடது சாக்ஸைக் கழற்றினால், அடியில் சிறிதாக ஒரு ரத்தக் கறை. நாள் முழுக்க அந்த ஆணியின் மேல் நின்றிருக்கிறாள், நடந்திருக்கிறாள், அண்டாவைத் தூக்கியிருக்கிறாள். ஒன்றும் தெரியவில்லை. புண் ஆறிவிட்டது. ஆனால் அன்றையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. இலையுதிர்காலத்திலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள்: "கால் குளிரலைன்னு சந்தோஷப்படாதீங்க. உணர்ச்சி போயிட்டா, பனி கடிச்சாக்கூடத் தெரியாது. அப்புறம் குளிர்காலத்துல சைக்கிளே கிடையாது, சொல்லிட்டேன்." இர்யா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வந்து, எல்லோரிடமும் கால் குளிரவில்லை என்று பீற்றிக்கொண்டாள். பெரிய பூட்ஸும் கம்பளி அட்டையும்தான் காரணம் என்று தன்னையும் சேர்த்தே நம்பவைத்தாள். அந்த ஆணி விழுந்து கெடுத்துவிட்டது. வரும் திங்கட்கிழமை நர்ஸ் மறுபடியும் காலைப் பார்ப்பாள். நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்பாள்.

சைக்கிள் போனால் போகட்டும், கார்தான் இருக்கிறதே என்று சொல்வது சுலபம். கார் இருக்கிறது, அதை ஓட்ட வெய்க்கோவும் இருக்கிறான். அவளுடைய புருஷன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். காலையில் காரில் கொண்டுபோய் விட, சாயங்காலம் வாசலில் நின்று அழைத்துவர, வழியெல்லாம் "பெல்ட் போட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்க அவன் தயார். நல்லவன். அதுதான் தொல்லை. நல்லவனிடமிருந்து தப்பி ஓட முடியாது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். இர்யாவின் கால் தூக்கத்தில்கூடப் போர்வைக்கடியில் பெடல் மிதிக்கும். வீட்டில் வெய்க்கோ, பள்ளியில் அண்டா. இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கொஞ்ச நேரம் அவளுக்குச் சைக்கிளின் மேல்தான் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மேலும், வெய்க்கோவின் அண்ணனுக்கு இதே சர்க்கரையில் முதலில் இரண்டு விரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று. விஷயம் தெரிந்தால் வெய்க்கோ அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கிக்கொண்டு திரிவான்.

சைமாவுக்கு உபதேசம் செய்ததற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வெய்க்கோ காப்பிக் கோப்பையோடு வந்தான்.

"பூஜ்யத்துக்குக் கீழ இருபத்து மூணு. காரை எடுக்கவா?"

"வேணாம்."

"கால் விறைச்சுப் போயிடும்டி."

"என் காலா? அடுப்பாட்டம் இருக்கு. உன் காப்பியக் குடி கிழவா."

அவன் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனான். இர்யா வாசற்படி அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, வலது காலில் வழக்கம்போலக் கம்பளி சாக்ஸும் பூட்ஸும் போட்டாள். இடது காலில் போட்டிருந்த கம்பளி சாக்ஸைக் கழற்றி, செருப்பு அலமாரிக்குப் பின்னால் திணித்தாள். பூட்ஸுக்குள்ளிருந்த கம்பளி அட்டையையும் உருவினாள். மெல்லிய பருத்தி சாக்ஸ் ஒன்றை மாட்டி இடது காலை உள்ளே விட்டாள். பைத்தியக்காரி என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் பயம் முற்றினால் மனுஷிக்கு யோசனை இப்படித்தான் போகும். குளிரட்டும். நன்றாக, உயிர் போகிற மாதிரி குளிரட்டும். குளிர்ந்தால் கால் இருக்கிறது, சைக்கிளும் இருக்கிறது. நர்ஸிடம் தைரியமாகக் காலை நீட்டலாம்.

வெளியே இன்னும் இருட்டு. பாதை விளக்குகளின் கீழே இறுகிய பனி மின்னியது. டயர் ஆணிகள் கரகரவென்று கடித்துக்கொண்டு ஓடின. மூக்கு மயிர் உறைந்து குத்தியது, இமையில் வெள்ளை படிந்தது. வலது கால் கதகதப்பாக இருந்தது. இடது காலும் கதகதப்பாக இருந்தது.

சுரங்க வழி தாண்டட்டும், அதற்குள் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். சுரங்க வழி தாண்டியது. பாலம் வரட்டும், ஆற்றுக் காற்று சும்மா விடாது என்று நினைத்தாள். பாலத்தில் காற்று கன்னத்தைக் கிழித்தது. காலில் ஒன்றுமில்லை. சந்தேகம் தீர வலது கையுறையைப் பல்லால் கவ்வி உருவினாள். வெறுங்கை உடனே அலறியது. விரல் நுனியெல்லாம் ஊசி ஏற்றியதுபோல வலிக்க, அவசரமாகக் கையுறைக்குள் திரும்ப நுழைத்துக்கொண்டாள். கைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

"வலியேன், சனியனே," என்றாள் காலைப் பார்த்து.

வாழ்நாள் முழுக்க அவள் குளிரைத் திட்டியிருக்கிறாளே தவிர, ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இன்று கெஞ்சினாள். ஒரு துளி வலி போதும். சின்னதாக ஒரு குறுகுறுப்பு வந்தால்கூடப் போதும். ஒருதரம் வந்த மாதிரி இருந்தது! மிதிப்பதை நிறுத்திக் கவனித்தாள். வலித்தது கணுக்கால். கோடு கிழித்தாற்போல அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

பள்ளிக்குத் திரும்பும் வளைவு வந்தது. சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. இந்நேரம் சைமா காலை ஹீட்டர் மேல் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருப்பாள், கொடுத்துவைத்தவள். இர்யா திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்சம் என்று கடற்கரைப் பக்கம் விட்டாள். பையில் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்றால் முடிவு தெரிந்துவிடும் என்ற பயத்தில் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

பாதை கடலோரத்தில் போய் முடிந்தது. அதற்கு மேல் உறைந்த கடல்தான். வேறு வழியில்லாமல் பிரேக்கைப் பிடித்து இடது காலைத் தரையில் ஊன்றினாள். தரை எங்கே இருக்கிறது என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. பாதம் மடங்கிச் சைக்கிளோடு பனியில் விழுந்தாள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை.

பின்னால் விளக்கு வெளிச்சம் பரவியது. சைக்கிள் பாதையில் ஒரு கார்! இந்த ஊரில் அப்படிச் செய்கிறவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பின்னால் வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "கண்ணு அவிஞ்சு போச்சா? இது யாரு பாதை?" என்று கத்தினார். கார்க்காரன் கதவைத் திறந்து, "தெரியும்யா, போய்யா!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினான். வெய்க்கோ. பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவன். வீட்டுச் சட்டையோடு, தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தான். கையில் கம்பளி சாக்ஸ்.

"என் செருப்பத் தேடப் போனா அலமாரிக்குப் பின்னால இது கெடக்குது," என்றான் மூச்சு வாங்க. "சாக்ஸ மறந்துட்டான்னு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனா, நீ இன்னும் வரலங்கறா சைமா, போனையும் நீ எடுக்கல, பாதை முழுக்கத் தேடிக்கிட்டே வந்தேன். விழுந்துட்டியா? எங்க அடி?"

"அடி ஒண்ணும் இல்ல."

அவன் கையிலிருந்த ஒற்றைச் சாக்ஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ஒரு கால் சாக்ஸ மட்டும் யாராச்சும் மறப்பாங்களா?"

அவள் கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினாள்.

"இர்யா, கால் குளிருதா?"

இங்கேதான் அவளுக்கு ஒரு வழி திறந்து கிடந்தது. ஆமா, குளிருது, அவசரத்துல மறந்துட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் போதும். அவன் திட்டிக்கொண்டே சாக்ஸை மாட்டிவிடுவான். நாளைக்கும் சைக்கிள் இருக்கும். திங்கட்கிழமை நர்ஸிடமும் கேட்கும்போதெல்லாம் தெரியுது தெரியுது என்று சொல்லிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் எத்தனையோ சரியாகத்தான் விழும். வாயைத் திறந்தாள். அவன் காது மடல் குளிரில் ரத்தச் சிவப்பாக இருந்தது. வாய் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"இல்ல," என்றாள். "குளிரல. குளிரவே மாட்டேங்குது வெய்க்கோ. எவ்வளவு தூரம் ஓட்டிட்டேன், குளிரவே மாட்டேங்குது."

அவன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்தினான். பூட்ஸையும் பருத்தி சாக்ஸையும் மெதுவாக உருவினான். கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவள் தேய்க்கப் போனாள். அவன் கையைத் தட்டிவிட்டான். தேய்க்கக் கூடாது என்று இந்த ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். சட்டையைத் தூக்கினான், அவள் பாதத்தை எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"ஐயோ அம்மா!" என்று அலறினான். உடம்பு முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் காலை விடவில்லை.

இர்யா அவன் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கண்ணோரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை தூரம் அவள் தேடிக்கொண்டு வந்தது அந்த முகத்தில்தான் இருந்தது.

"ரொம்பக் குளிருதா?" என்று கேட்டாள்.

"குளிருதாவா? எரியுதுடி. உறைஞ்ச ஆத்துல ஐஸ் ஓட்டைக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு."

"எந்த விரல் ரொம்ப?"

"பெருவிரல். அதுக்கு அடுத்தது. இது பரவாயில்ல... ஏன் கேக்கற?"

"எனக்குத் தெரியாதே," என்றாள். "நீதான் சொல்லணும்."

வெய்க்கோ அவளை நிமிர்ந்து பார்த்தான். அண்ணனை நினைத்தானோ என்னவோ, அவள் கணுக்காலை இறுகப் பற்றினான். பிறகு அவள் பாதத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்து, விலா ஓரத்தில் சூடான இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகச் சொல்லத் தொடங்கினான். அவள் அழுதுகொண்டே கேட்டாள்.