முவிரிட்சாப் பட்டை

மழை விட்டிருந்த ஒரு காலையில் கசாண்டி அந்த மரத்தைப் பார்த்தாள். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குப் பட்டையே இல்லை. சுற்றிவர ஒரு விரல் அகலம்கூட மிச்சம் வைக்காமல் உரித்திருந்தார்கள். உள்மரம் சிவந்து ஈரமாக இருந்தது. மேலே இலைகள் இன்னும் பச்சைதான். ஆனால் இப்படி உரித்த முவிரிட்சா பிழைத்து அவள் பார்த்ததில்லை.

ககமெகா காட்டில் கசாண்டி ஏழு வருடமாகக் காவல்காரி. ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் காட்டுச் சங்கம்தான் அவளுக்குப் பச்சைச் சட்டையும் அடையாள அட்டையும் கொடுத்திருந்தது. கூடவே ரோந்து வருபவர் இங்கோசி. அவளைவிட மூத்தவர், முன்பு போலீஸில் இருந்தவர்.

"இந்த மாசத்துல இது மூணாவது," என்றார் இங்கோசி. சேற்றில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைக் குச்சியால் காட்டினார். "தடம் எந்தப் பக்கம் போகுது பாத்தியா? உங்க ஊர்ப் பக்கம்."

"எங்க ஊருல நூத்தம்பது வீடு இருக்கு."

"நான் யாரையும் சொல்லலையே. நீ ஏன் கோவப்படுற?"

சந்தை நாளன்று கசாண்டி சட்டையை மாற்றிக்கொண்டு லிஹாவியின் கடைக்குப் போனாள். லிஹாவி சாக்கு விரித்து வேர், பட்டை, காய்ந்த இலை எல்லாம் விற்பவள். வயிற்றுவலிக்கு ஒன்று, குளிர்க்காய்ச்சலுக்கு ஒன்று, வீங்கிய மாட்டு வயிற்றுக்கு ஒன்று என்று கேட்பதற்கு முன்பே கட்டிக் கொடுப்பாள். சாக்கின் ஓரத்தில் நாலைந்து முவிரிட்சாப் பட்டைகள் கிடந்தன. கசாண்டி ஒன்றை எடுத்து ஒடித்து முகர்ந்தாள். கசந்த பாதாம் பருப்பு வாசனை. பழைய சரக்கு இல்லை.

"எங்கேந்து வந்துச்சு இது?"

"சங்கத்து அனுமதிச் சீட்டோட வந்தது, தாயி. வேணும்னா காட்டுறேன்." லிஹாவி நிதானமாக மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். சீட்டு சரியாகத்தான் இருந்தது. கசாண்டி திரும்பும்போது லிஹாவி குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரு? தேவலையா?"

"அவருக்கு என்ன? நல்லாத்தான் இருக்காரு."

"அப்படியா. சரி, சரி." லிஹாவி வேறு ஆளிடம் பேசப் போய்விட்டாள்.

அந்த 'சரி, சரி' கசாண்டியோடு வீடு வரை வந்தது.

அவள் புருஷன் ஷிவாச்சிக்கு அறுபத்தொரு வயது. அதிகம் பேசாதவர். இத்தனை நாள் கண்ணில் படாததெல்லாம் அன்றிலிருந்து அவளுக்குப் பட ஆரம்பித்தது. சாயங்காலத் தேநீரை நிறுத்திவிட்டார். சர்ச்சில் எப்போதும் முன்வரிசையில் உட்காருபவர், இப்போது கதவோரம் உட்காருகிறார். பாதிப் பாட்டில் எழுந்து வெளியே போகிறார். மத்தியானம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று காட்டோரம் போனால் இரண்டு மணி நேரம். கொண்டுவருவது ஒரு கைப்பிடிப் புல்.

"இவ்வளவுதானா கெடைச்சுது?"

"குரங்குங்க தொந்தரவு," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

குரங்கு எப்போது புல் தின்ன ஆரம்பித்தது? மறுநாள் கசாண்டி அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கைமடிப்பில் அதே பாதாம் வாசனை வந்தது. வாளியை அப்படியே வைத்துவிட்டு அதை மறுபடி முகர்ந்தாள். பட்டை திருடி விற்கிறாரா? லிஹாவிக்கா? இல்லை, லிஹாவியோடு வேறு ஏதாவதா? இரண்டில் எது நிஜமாக இருந்தால் தேவலை என்று யோசித்ததை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சங்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து நாள் அவரோடு ஒரே தட்டில் களியும் கீரையும் சாப்பிட்டாள். இங்கோசி கேட்டபோதெல்லாம், "ஒண்ணும் துப்பு கெடைக்கல" என்றாள்.

பதினோராம் நாள் புல் அறுக்கப் போனவரின் பின்னாலேயே போனாள். ஓடையைத் தாண்டி, அத்திப்புதரைச் சுற்றி, அவள் ரோந்தில் வராத ஒரு பள்ளத்துக்கு இறங்கினார். அங்கே நின்றது நடுத்தர வயது முவிரிட்சா. கிழக்கே பார்த்த பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை அரிவாளால் மெதுவாக நெம்பி எடுத்தார். காயத்தின் மேல் ஈரமண்ணை அப்பினார். பக்கத்தில் பழைய காயங்கள் நாலைந்து, எல்லாம் மண் பூசி ஆறியிருந்தன.

"தீத்தோ அப்பா!" மகன் பேரைச் சொல்லித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

அரிவாள் கையிலிருந்து நழுவியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு அவள் போட்டிருந்த பச்சைச் சட்டையைப் பார்த்தார்.

"யாருக்கு விக்கிறீங்க?"

"விக்கிறதா?"

"லிஹாவிக்கா? அவ உங்களை விசாரிக்கிறா, தேவலையான்னு! அவளுக்கும் உங்களுக்கும் என்ன?"

ஷிவாச்சி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "மூத்திரம் போக மாட்டேங்குது," என்றார். "எட்டு மாசமாச்சு. போகணும்னு தோணும், போனா சொட்டுதான். ராத்திரிக்கு ஆறு தடவை எழுந்திரிக்கிறேன். நீ அசந்து தூங்குவ, உனக்குத் தெரியாது. லிஹாவிகிட்டதான் கேட்டேன். பட்டையைச் செவக்கக் காய்ச்சிப் பால் விட்டுக் குடின்னா."

"சங்கத்துல கேட்டா சீட்டு குடுப்பாங்களே!"

"என்ன வியாதின்னு கேட்டு நோட்டுல எழுதுவாங்க. கூட்டத்துல சத்தமா வாசிப்பாங்க. உனக்கு முன்னாடி, இங்கோசிக்கு முன்னாடி." அவர் அரிவாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "என் மானம் போறதுக்கு மரத்துல ரெண்டு துண்டு போனாப் பரவால்லன்னு நெனைச்சேன்."

"அந்த மூணு மரம்?"

"சத்தியமா நான் இல்ல."

அவர் எட்டு மாதம் பொய் சொன்னவர். கசாண்டி அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ஆனாலும் நேரே வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. முதலில் உரிந்து நின்ற பெரிய மரத்துக்குக் கூட்டிப் போய், "கையை மேல தூக்குங்க," என்றாள். விரல் நுனி எட்டிய இடத்துக்கு மேலே இன்னும் முக்கால் ஆள் உயரத்துக்கு வெட்டு இருந்தது. மண்ணில் ஏணிக்கால் அழுந்திய இரண்டு குழிகள் இருந்தன. முதல் நாள் அவள் பார்க்காமல் விட்டவை. அவர்கள் வீட்டில் ஏணி கிடையாது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். ஷிவாச்சி தானே எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் வியாதியைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு கிழவர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் அவர்களும் வந்து லிஹாவி சொன்ன கஷாய அளவை ரகசியமாக விசாரித்தார்கள்.

"ஒத்துக்கிட்டாச்சு. மூணு மரமும் இவர் கணக்குதான்," என்றார் இங்கோசி.

கசாண்டி எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்துப் போய் ஏணிக்குழிகளைக் காட்டினாள். மூன்று மரக் கணக்கிலிருந்து ஷிவாச்சியை விட்டார்கள். உள்ளங்கை அகலத்துக்கு எடுத்த பட்டைகளுக்காக ஷிவாச்சி நூறு முவிரிட்சா நாற்று வளர்த்துத் தர வேண்டும் என்று முடிவானது.

இங்கோசி கடைசியாக ஒன்று கேட்டார். "உனக்குச் சந்தேகம் வந்தது என்னிக்கு?"

சட்டையில் வாசனை வந்த நாளைக் கசாண்டி மறைக்காமல் சொன்னாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கியிருக்கிறது, புற்று இல்லை என்றார்கள். குழாய் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பட்டைக் கஷாயம் குடித்ததை டாக்டரிடம் ஷிவாச்சி மறைக்கவில்லை. அந்த மூன்று மரங்களும் கோடைக்குள் காய்ந்து போயின. ஏணி வைத்தவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

நாற்றுக்குப் பழம் பொறுக்கக் கசாண்டிதான் காட்டுக்குப் போகிறாள். விதை காய்ந்தால் முளைக்காது, அன்றன்றே நட வேண்டும். ஒருநாள் திரும்பும் வழியில் இங்கோசியும் புதிதாகச் சேர்ந்த காவல்காரியும் எதிரே வந்தார்கள்.

"கூடையில என்ன?"

"பழம்தான்."

"இறக்கு, பாப்போம்."

அவள் இறக்கி வைத்தாள். இங்கோசி குச்சியை விட்டுக் கூடையின் அடிவரை கிளறினார். கசாண்டி வெளியே சிந்திய பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.