பொங்குமுன் இறக்கிய பானை

கூத்தம்பாறை ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற சேதி வந்ததும், ஊர் செய்த முதல் காரியம் மாரியாத்தாளிடம் பூக் கேட்டதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். ஊர் ஊராகவே இருக்கட்டுமா என்று கேட்டு இரண்டையும் சன்னதியில் போட்டு, ஒரு கைக்குழந்தையை எடுக்க வைத்தார்கள். வெள்ளை வந்தது; இருக்கட்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டாள். அத்தோடு விவகாரம் தீர்ந்தது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். குடியரசு தினம் லீவுதானே, அன்றைக்கே ஆத்தாளுக்கு ஊர்ப்பொங்கல் வைத்துவிடலாம் என்றும் பேசி முடித்தார்கள்.

அன்றைக்குத்தான் கிராம சபை. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கோகிலவாணிக்கு உறைத்தது. தன் தெருவில் முதல் பட்டதாரி அவள். பட்டத்தால் கிடைத்தது, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டி ஆபீசில் போன் எடுக்கிற வேலை. பட்டத்துக்குப் பணம் கட்டியது அம்மா மாரக்காளின் நூறு நாள் வேலை. மாரக்காள் அதற்கு முன்னால் தறியில் இருந்தவள். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது நாலு எட்டு நடந்தால் ஒரு முறை நின்று மூச்சு வாங்குவாள். ஏரிக்கரையில் நிதானமாக மண் அள்ளுவது ஒன்றுதான் அவளால் முடிந்தது. நகராட்சியானால் அந்த வேலை கிடையாது. திரும்பத் தறிக்குத்தான் போக வேண்டும். போனால் தாங்க மாட்டாள்.

இதைக் கோகிலவாணி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, இது ஒரு வகையறா. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, அது வேறு வகையறா. அங்கே போனால் சாக்கடை வரும், தெருவிளக்கு நன்றாக எரியும், அது பொய்யில்லை. வீட்டு வரியும் ஏறும், ஏரி வேலையும் போகும். இங்கே ஓட்டு இருக்கிற ஒவ்வொருத்தரும் சபையில் உட்கார்ந்து தீர்மானம் போடலாம். அங்கே கவுன்சிலர்கள் உள்ளே உட்கார்ந்து போடுவார்கள், நாம் வெளியே நிற்போம். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெள்ளைப் பூ வந்துவிட்டதே சாமி என்று அவளுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

குடியரசு தினத்துக் காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானாவுக்கடியில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முப்பது பேர் தேறினால் அதிகம். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்திருந்ததால் தனி அலுவலர் இளஞ்செழியன்தான் சபையை நடத்த வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இருநூறு பேராவது இல்லாமல் தீர்மானம் செல்லாது என்றார். ஆட்சேபணை அனுப்ப அன்றுதான் கடைசி என்றும் சொன்னார்.

"இல்லீனா என்னங்க சார் எழுதுவீங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"ஆட்சேபணை எதுவும் வரலைனு எழுதணும்மா. வேற என்ன எழுத முடியும்? சாப்பாட்டு நேரம் வரைக்கும் உக்காந்திருக்கேன்."

கோகிலவாணி ஸ்கூட்டியைக் கோயிலுக்கு விரட்டினாள். கோயில் வாசல் நெடுக அடுப்பு, அடுப்புக்கு ஒரு பானை. புகை மூட்டத்தில் ஊரே குனிந்து ஊதிக்கொண்டிருந்தது. மாரக்காள் முதல் வரிசையில் இருந்தாள். ஒரு பானையும் இன்னும் பொங்கவில்லை. பொங்காத பானையை இறக்குவது அந்த ஊரில் கனவிலும் நடக்காத காரியம். இறக்கினால் அந்த வருசம் வீடு விளங்காது என்பார்கள்.

கோகிலவாணி விசயத்தைச் சொன்னாள். பூசாரி கருப்பண்ணன் திருநீற்றுத் தட்டோடு சிரித்தார். "ஆத்தா சொன்னதுக்கு மேல ஒரு ஆபீசரு சொல்லோணுமா சாமி?"

வயிற்றெரிச்சலில் அவள் வாய் முந்திக்கொண்டது. "ஆத்தா பேரு ஓட்டர் லிஸ்ட்ல இல்லீங்க. உங்க பேருதான் இருக்குது."

ஊதிக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. யாராவது அறைவார்கள் என்றுதான் நினைத்தாள். படித்த திமிர் என்று யாரோ முனகினார்கள்.

மாரக்காள் மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையைச் சுருட்டிப் பிடித்துப் பானையின் கழுத்தில் கை வைத்தாள். பக்கத்து அடுப்பு ராமாத்தாள் பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உடு ராமாத்தா," என்றாள் மாரக்காள். மூச்சு இழுத்தது. "ஆத்தா பொறுத்துக்குவா. ஆபீசரு பொறுக்க மாட்டாரு."

பானை மண்ணில் உட்கார்ந்தது.

கருப்பண்ணன் சன்னதிப் பக்கம் திரும்பி நின்றார். என்ன கேட்டாரோ, என்ன பதில் வந்ததோ. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நடந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு அடுப்பாக விறகு வெளியே வந்தது. தண்ணீர் தெளித்த கொள்ளியெல்லாம் சுர்ரென்று அடங்கியது. ராமாத்தாள் அழுதுகொண்டே தன் பானையை இறக்கினாள்.

கோகிலவாணிக்கு முன்னால் போகத் தோன்றவில்லை. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு கடைசியில் வந்தாள். மாரக்காள் நிற்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் நின்றது. நடந்தபோது நடந்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மைதானத்தில் நாற்காலிகள் போதவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்தார்கள். இளஞ்செழியன் தீர்மானத்தை வாசித்தார். கூத்தம்பாறை ஊராட்சியாகவே தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகள் எழுந்தன. மஞ்சள் அப்பிய கை, கரி பிடித்த கை, தறியில் விரல் நசுங்கிய கை, மண்வெட்டி காய்த்த கை. சாமியானாவின் நிழலைத் தாண்டி வெயிலுக்குள்ளும், வெயிலைத் தாண்டி வேப்பமரத்தடி வரைக்கும் கைகளாக இருந்தன. கிராம சபையின் அதிகாரங்கள் என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவள் கோகிலவாணி. இப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. திட்டுவதற்கு ஆள் தேடினாள், ஒருவரும் அகப்படவில்லை. இளஞ்செழியன் எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தான் எப்போது எழுந்து நின்றோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இனிமேல் சேக்க மாட்டாங்களாங்க?" என்று மாரக்காள் கேட்டாள்.

அரசாங்கம்தான் முடிவு பண்ணும், அதை நான் மறைக்க மாட்டேன் என்றார் அவர். "ஆனா யாரும் வேண்டாம்னு சொல்லலைனு இனி ஒருத்தரும் எழுத முடியாதும்மா."

மாரக்காள் தலையாட்டினாள். அது போதும் என்பதுபோலவும் இருந்தது, பார்த்துக்கொள்கிறோம் என்பதுபோலவும் இருந்தது.

கையெழுத்து வாங்கி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. கோகிலவாணி வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் பேனாவை வாங்கினாள். அது முழுக்கக் கரியும் மஞ்சளுமாக வழுக்கியது. துடைக்காமலே எழுதினாள்.