அமலோற்பவத்தின் காலில் இறங்கிய சொல்

பெருமையாக நடப்பதற்கான சொற்கள் எங்கள் துறைமுகத்துக்கு இரண்டு நாடுகளிலிருந்து சாக்கில் வருகின்றன. இங்கிலீஷ் சொற்கள் மூன்றாம் சரக்குக் கிட்டங்கியில் இறங்கும், ரஷ்யச் சொற்கள் நான்காம் கிட்டங்கியில். மாப்பிள்ளை அழைப்புக்கும் கட்சி ஊர்வலத்துக்கும் உள்ளூர்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். சொல் நாக்கில் பட்டால் காலில் இறங்கும். அப்புறம் அந்த ஆள் அந்தச் சொல்படிதான் நடப்பார். இதை வாசிக்கிறவர்களும் வாய்விட்டு வாசிக்கவேண்டாம்.

எனக்கு வாசலில் வேலை. வெளியே போகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, யார் காலில் என்ன சொல் இறங்கியிருக்கிறது என்று காலடிச் சத்தத்தைக் கேட்கவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். சாக்கின் மேல் உள்ள அந்நிய எழுத்து தெரியாது, காதுதான் துணை. ஸ்ட்ரட் என்றால் ஆணி அடிக்கிற மாதிரி டக், டக் என்று விழும். நெஞ்சு வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் வரும். ஸ்வாகர் என்றால் சத்தம் இடமும் வலமுமாகச் சாயும், இரண்டு தோளும் பாதையை அளந்துகொண்டு வருவதால். ரஷ்யாவின் கர்த்சவாத் பட்டவருக்குக் கீழே ஒரு குதிரை இருக்கும். குதிரை கண்ணுக்குத் தெரியாது, நாலு குளம்பும் காதுக்குக் கேட்கும். விஷாகிவத் நீள நீளமாக எட்டு வைக்கிற நடை. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு வாங்கலாம்.

இங்கிலீஷ் சொல் இறங்கிவிட்டால் மருந்து சுலபம். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டால் போதும். ஒரு கவுன்சிலர் ஸ்ட்ரட்டில் போனபோது அவர் அம்மா வந்து, "ஏலே சளிமூக்கா!" என்றாள். மனிதர் அந்த இடத்திலேயே சாதாரணமாகிவிட்டார். ரஷ்யச் சொல்லுக்கு அப்படிச் செய்யக்கூடாது. பெயர் சொன்னால் நடை வளரும். அதற்கு ஒரே வழி, யாரும் பார்க்காமல் இருப்பது. பார்க்க ஒரு கண்கூட இல்லை என்று தெரிந்தால் அது தானாக இறங்கிக்கொள்ளும். ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. பிடிக்கிறவருக்கும் தொற்றி, ஒருவர் இருவராகப் போவார்கள்.

பெருமையாக நடக்கிறவர் திரும்பமாட்டார். எங்கள் துறைமுகத்தில் நேரே போனால் அலைதடுப்புச் சுவர். சுவர் முடிகிற இடத்தில் கலங்கரை விளக்கம். அதற்கப்புறம் கடல். போன வருஷம் ஏழு பேர் போனார்கள்.

என் மனைவி அமலோற்பவம் நான்காம் கிட்டங்கியைக் கூட்டுகிறவள். சாக்கிலிருந்து சிந்தினதைக் கூட்டும்போது வாயில் துணி கட்டிக்கொள்வது வழக்கம். அவளும் கட்டுவாள். அன்றைக்கு வெற்றிலை போடுவதற்காகத் துணியைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறாள்.

அவளுக்கு வலது முழங்கால் பத்து வருஷமாக மடங்காது. டப்... சரக். டப்... சரக். ஆயிரம் பேர் நடந்தாலும் அந்த நடையை நான் பிரித்துச் சொல்லுவேன். பதினொரு மணிக்கு அவளுக்கு வேலை முடியும். அவளோடு கூட்டுகிற ஜெபமாலை வாசலுக்கு வந்து நின்றது கேட்டது. அடுத்து சரக் வரும் என்று நின்றேன். வரவில்லை.

மேஸ்திரி இஞ்ஞாசியார் என் பக்கத்தில் வந்து, "லூர்தையா, உம்ம வீட்டம்மா போறாவ," என்றார்.

"இன்னும் போகலையே. சத்தம் வரலையே."

"அதான்வே. சத்தமில்லாமப் போறாவ."

நான் திரும்பினேன். அவள் அலைதடுப்புச் சுவரில் ஏறியிருந்தாள். முழங்கால் அழகாக மடங்கியது. கழுத்து நிமிர்ந்து, முந்தானை பின்னால் விரிந்து, ஒரு காலை வைத்து யோசித்து மறு காலை வைத்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி நடக்கவில்லை.

என் காது கேட்ட ரஷ்ய நடையெல்லாம் கனமானவை. அவள் கூட்டுவது ரஷ்யக் கிட்டங்கி என்பதுகூட மறந்து, சத்தமே இல்லாத நடை இங்கிலீஷாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். "ஏ அமலிக்குட்டீ!" என்று கத்தினேன்.

அவள் ஒரு சாண் வளர்ந்தாள்.

பதற்றத்தில் இன்னொரு தடவையும் கத்தினேன். இன்னொரு சாண் வளர்ந்தாள். இஞ்ஞாசியார் என் வாயைப் பொத்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். விஸ்துபாத், பெண்மயில் நடை, நான்காம் கிட்டங்கி, நேற்று வரவு என்று தமிழில் எழுதியிருந்தது.

யாரும் பார்க்கக்கூடாது என்பதற்கான சங்கை ஊதினார்கள். பாரந்தூக்கியில் இருந்தவர், கப்பல் மேல்தட்டில் நின்றவர்கள், டீக்கடையில் கிளாசைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டினார்கள். நானும் காட்டினேன். கடைசியாகப் பார்த்தபோது சுவரின் கோடிக்கு அவள் இன்னும் நூறு எட்டு வைக்கவேண்டியிருந்தது. இரண்டு சாண் வளர்ந்ததால் எட்டும் நீண்டிருக்கும். நூறு எட்டு எழுபதாகியிருக்கும். அந்த முப்பதையும் நான்தான் அவளிடமிருந்து பிடுங்கினேன்.

மனசுக்குள் எண்ணினேன். அவள் நடக்கிறாளா, நின்றாளா, விழுந்தாளா, எதுவும் காதுக்கு எட்டவில்லை. நாற்பது வருஷம் கேட்ட காது சும்மா தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவனாவது பார்க்கியளாடே?" என்று கேட்டார் இஞ்ஞாசியார்.

"டீக்கடைக்காரன் பார்க்கான்," என்றாள் ஜெபமாலை.

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"சரி, நான் ஒண்ணும் சொல்லல."

ஐம்பது எண்ணியபோது தண்ணீரில் தொப்பென்று ஒரு சத்தம்.

"மீனுதான் அண்ணே," என்றாள் ஜெபமாலை.

"எவ்வளவு பெரிய மீனு?"

"பார்த்தாத்தான தெரியும்."

"பார்க்காதீரும்வே," என்று இஞ்ஞாசியார் என் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

அறுபது. எழுபது. எண்பது எண்ணினேன். தொண்ணூறு எண்ணினேன். எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் எண்களுக்கு நடுவே கலந்துவிட்டது. நூற்றுப் பத்தில் எண்ணுவதை விட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அப்புறம் மிகத் தூரத்தில், கல்லின் மேல், டப்.

நான் மூச்சை நிறுத்தினேன்.

சரக்.

டப்... சரக். டப்... சரக். அந்த மொண்டி நடை சுவர் முழுக்க நடந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"எல்லாரும் என்ன அந்தப் பக்கமாப் பார்த்துக்கிட்டு நிக்கிய?" என்றாள் அமலி.

"முழங்கால் எப்படிட்டீ இருக்கு?"

"உயிர் போற மாதிரி வலிக்கு."

"வலிக்கட்டும், தாயீ. நல்லா வலிக்கட்டும்," என்றேன். ஜெபமாலை மூக்கைச் சிந்தினாள்.

இரண்டு சாண் மட்டும் குறையவில்லை. அன்று மத்தியானமே ஆசாரியைக் கூப்பிட்டு வீட்டு வாசல் நிலையை உயர்த்தி வைத்தோம்.

சொல் அவளை விட்டு இறங்கியது சுவரின் கோடியில். சங்கு ஊதியபோது, கலங்கரை விளக்கத்துக்கு முதுகு இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பகலில் அதன் கண் அணைந்திருந்தது, அதனால் அமலி தப்பினாள். சொல் போக்கிடம் இல்லாமல் அதன் அடிக்கல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஆறு மணிக்கு வழக்கம்போல் விளக்கை ஏற்றினார்கள்.

ஆறேகாலுக்குக் கலங்கரை விளக்கம் எங்கள் தெரு வழியாக நடந்து வந்தது. சத்தமே இல்லை. மின்வாரியத்துக்காரர்கள் அதற்குள் கம்பிகளை இறக்கிவைத்திருந்தார்கள். தெருவில் எல்லாரும் சுவரைப் பார்த்து நின்றோம். தன் வெளிச்சத்திலேயே தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒன்றுக்கு நாங்கள் முதுகைக் காட்டி என்ன பயன் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் நின்றோம். வெளிச்சம் எங்கள் பிடரிகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுப் போனது. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

அதற்குப் பின்னால், விளக்கை நம்பிக் கரை திரும்புகிற படகுகள் மண்ணைக் கீறிக்கொண்டு வரிசையாக வந்தன. நான் முப்பத்திரண்டு எண்ணினேன். கடைசிப் படகுக்காரர் எங்கள் வீட்டுக்கு நேரே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். அமலி செம்பை எடுத்துக்கொண்டு, திரும்பாமல், முதுகுப்புறமாகவே நடந்துபோய்க் கொடுத்தாள்.

டப்... சரக்.