வாப்பாவுக்கு ஏலா

சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வாப்பாவின் பட்டன் போனை அகீலா தேடி எடுத்தபோது, முன்னறையில் வாப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டமாவடிச் சொந்தங்களின் நம்பரெல்லாம் அதற்குள்தான். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்த மூன்று மாத அலுப்பு உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

வாப்பா உசனார் தபாற்கந்தோரில் பென்சன் எடுத்த மறுநாளே ஏறாவூர் ஜனாஸாக் குழுவில் சேர்ந்தவர். பதினொரு வருஷமாக ஊரில் எந்த ஆம்பிளை மௌத்தானாலும், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த மனிசன் சைக்கிளில் போய் நிற்பார். இடையில் வாசிகசாலைக் கூட்டம், வாவிக்கரையில் கூட்டாளிமாரோடு நடை. வீட்டில் சோறு ஆறிப்போகும். கந்தோருக்குப் போன காலத்தில்கூட இவ்வளவு வேலை இருந்ததில்லையே என்று அகீலா ஏசுவாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வந்த பிறகு பொறுமை கெட்டுப்போய், போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள். தேடி வந்தவர்களிடமெல்லாம் "வாப்பாவுக்கு ஏலா, சுகமில்ல" என்றாள். டொக்டர் நன்றாக நடக்கச் சொன்னதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வாப்பா சண்டை பிடிக்கவில்லை. கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் ஊர்ப்புதினம் கேட்டார். பிறகு கேட்பதையும் விட்டார். இன்று விடிய வீட்டுக்குள்ளேயே சுபஹு தொழுதுவிட்டு வந்து அந்தக் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார்.

அடுத்த வீட்டு றஸீனா வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"உன்னப் போல ஒரு மகளும் பாக்க மாட்டா. கால் நிலத்துல படாமப் பாத்தியே."

நான்தான் கொன்றுபோட்டேனோ என்று அகீலாவுக்குப் பட்டது.

அணைத்திருந்த போனைப் போட்டதும் அது அடித்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் முஹம்மட். சேதி சொல்லப் பள்ளிக்குப் போன அவள் புருஷன் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு மௌத்துக்கும் இந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பது மோதினாரின் பழக்கம். இவள் "ஹலோ" என்றதும் மனிசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ், போன் வேல செய்யுதே. மகள், உங்கட தெருவுல ஒரு மௌத்தாம், ஆரெண்டு தெரியா. குளிப்பாட்ட இருக்கிறதெல்லாம் புது ஆக்கள். வாப்பாக்கு ஏலாதெண்டு மட்டும் சொல்லாதீங்க. இண்டைக்கெண்டாலும் அவர அனுப்புங்க."

றஸீனாவின் கை இன்னும் முதுகில் இருந்தது. முற்றத்தில், குளிப்பாட்டும் இடத்தைச் சுற்றி யாரோ சீலை கட்டி மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்புறன், மாமா" என்றாள் அகீலா.