மூக்காயி பிரித்த ஓடுகள்

எங்கள் தொல்லியல் ஆய்வு நிலையத்துக்கு இந்த 1966இல் பத்து வயது ஆகிறது. ஆண்டு மலருக்கு அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். நன்கொடை தந்த பெரிய மனிதர்களின் பெயர்ப் பட்டியலையும் கூடவே அனுப்பிவிட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். கிதர் முகம்மது பாய் தம் தோல் கிட்டங்கியைச் சும்மா விட்டுக்கொடுத்திராவிட்டால் எங்களுக்கு உட்கார இடமே கிடையாது. வாடை இன்னும் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மூக்காயி இல்லாதிருந்தால் 1959லேயே கடையைக் கட்டியிருப்போம். அதை எழுதாமல் என்ன வரலாறு?

அந்த வருஷம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டில் குழி தோண்டினோம். தலைவர் சூசைமுத்து சார், ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். மண் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் ஒரு விதமாக இருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் கிடைக்கும் பானை ஓடுகளைத் தனிக் கூடையில் போட்டு, எந்த அடுக்கு என்று சீட்டு எழுதிச் செருக வேண்டும். அடுக்குத் தெரியாத ஓடு வெறும் குப்பை. சீட்டு எழுதுவது என் வேலை. சனிக்கிழமை ஐந்து கூடைகள் திண்டுக்கல்லில் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் எங்கள் கோயில் திருவிழா. கூடைகளை வைத்த வரிசைதான் மனதில் இருக்கிறதே, திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஓடு கழுவ வருகிற மூக்காயி ஆத்தூர்க்காரி. பாதி நாள் புன்செய்க் காட்டு வேலை, மீதி நாள் வெங்காயப் பேட்டையில் கூலி. திங்கட்கிழமை எனக்கு முன்னே வந்துவிட்டாள். ஐந்து கூடையையும் ஒன்றாகக் கொட்டி, பெரியது, நடுத்தரம், பொடி என்று மூன்று குவியலாக அழகாகத் தரம் பிரித்திருந்தாள். பேட்டையில் சரக்கு வந்தால் அதைத்தானே முதலில் செய்வார்கள்? நல்லவேளை, கழுவ ஆரம்பிக்கவில்லை.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். வாயில் வந்தபடி திட்டினேன். புதன்கிழமை சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால்தான் மறுபடி தோண்ட அனுமதி. இல்லையென்றால் நிலையத்தை மூட வேண்டியதுதான். சத்தம் கேட்டு வந்த சார், கூடையில் சீட்டு இருந்ததா என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டு எழுதாதது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

மூக்காயி ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தாள்.

"இது செவக்காட்டு மண்ணு சார். இது கரம்பைக் களிமண்ணு. இதுல சாம்ப கலந்திருக்கு. மண்ணப் பாத்துப் பிரிச்சுத் தரவா?"

சார் லேசில் நம்புகிறவர் இல்லை. குழியிலேயே நோட்டில் படம் வரைந்து அடுக்கும் குறித்துவைத்த ஓடுகளில் பத்தைத் தேடி எடுத்து நீட்டினார். ஒன்பதைச் சரியாகச் சொன்னாள். பத்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது எனக்குத் தெரியல சார்."

அப்போதுதான் சார் முகம் தெளிந்தது. இரண்டு நாள் அவளும் நானும் உட்கார்ந்து ஐந்து குவியல் பிரித்தோம். தெரியாதவை எழுபத்து மூன்று. அவற்றைச் சாக்கில் கட்டி ஒளித்துவிடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாவது குவியலாக வைத்தாள்.

அதிகாரியிடம் சார் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் ஆறாவது குவியல் முன்னால்தான் வெகுநேரம் நின்றார். இதை மறைக்காமல் வைத்திருக்கிறீர்கள், அதனால் மற்ற ஐந்தையும் நம்புகிறேன் என்று அனுமதி எழுதிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு மூக்காயியிடம், அவ்வளவு திட்டியும் என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு எங்க போனாலும் கூலி கெடைக்கும் தாயி. ஒங்களுக்கு இந்த வேல போனா வேற எங்க கெடைக்கும்?"

ஏழு வருஷமாகியும் நேராக நன்றி சொன்னதில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மலர் அச்சாகி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசிக்கப்போகிறேன்.