தண்ணிக்கழிவில் தோற்ற தலைவர்

1961ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே இருக்கும் நீர்க்கல் தேயிலைத் தோட்டத்தில் நான்காவது தலைவர் தேர்தல் நடந்த அன்று, கொழுந்து நிறுக்கும் மடுவம் என்ற தகரக் கொட்டகையில் இருந்தவர்கள்: தேர்தலை நடத்திவைக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியார் தம்பிஐயா, தராசு பிடித்த கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி, கொடிகளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்த இரண்டு தொழிற்சங்கத்து ஆட்கள், லயம் எனப்படும் வரிசை வீடுகள் ஆறிலிருந்தும் வந்த ஆண்களும் பெண்களும், போட்டியிட்ட வீரம்மா, பதவியில் இருந்த தலைவர் ஆண்டியப்பன், அவர் மனைவி பூரணி, இருமிக்கொண்டிருந்த மகள் செல்லக்கிளி, ஆண்டியப்பனைச் சுற்றி ஒன்பது வருடமாக நிற்கும் மூடுபனி. தோட்டத்தை நடத்தும் துரை வரவில்லை. அவருடைய நாய் வந்திருந்தது.

மூடுபனி 1952இல் வந்தது. அந்த வருடம் நாட்டில் தேர்தல் நடந்தபோது குடியுரிமை பறிபோனதால் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லாமல் போயிருந்தது. நீர்க்கல் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு தேர்தல் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் இரண்டு சங்கங்கள் இருந்ததால் தலைவர் எந்தச் சங்கத்தின் பெயரிலும் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சீட்டு அச்சடிக்க வழியில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. எல்லோர் கையிலும் இருந்தது கொழுந்து. நிற்கிறவருக்கு ஒரு கூடை. ஓட்டுப் போடுகிறவர் அதில் ஒரு பிடி கொழுந்து போட வேண்டும். எந்தக் கூடை அதிகம் கனக்கிறதோ அவர் தலைவர். கொழுந்து பறிக்கும் பெண்களின் பிடி ஆண்களின் பிடியைவிடப் பெரியது. ஆகவே பெண்கள் நினைத்தவர் ஜெயித்தார். முதல் தேர்தலில் ஆண்டியப்பன் ஜெயித்தார். அன்று பின்னேரம் பள்ளத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி வழக்கம்போல எல்லோரையும் கடந்து மலைக்குப் போனது. அதில் ஒரு துண்டு மட்டும் அவரோடு தங்கிவிட்டது. அது வெயிலில் காயவில்லை, காற்றில் கலையவில்லை. துரை அவரைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு பகல் முழுக்க நிற்க வைத்துப் பார்த்தார். கொழுந்து கெட்டுப்போனது. மூடுபனி அப்படியே இருந்தது.

ஆட்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள், பிறகு அதன் பயனைக் கண்டுகொண்டார்கள். கங்காணி மேல் புகார் சொல்ல வருகிறவர் மூடுபனிக்குள் புகுந்துவிட்டால் யார் பேசுவது என்று வெளியே தெரியாது. ஒருமுறை ஆண்டியப்பனோடு நாலைந்து பேர் துரையின் ஆபீசுக்குப் போனார்கள். துரைக்குக் குரல்கள் கேட்டன, ஒரு முகமும் அகப்படவில்லை, யாருடைய பேரையும் வெட்டி வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை. அப்படித்தான் லயக் கூரைகளுக்குப் புதுத் தகரம் வந்தது, பிள்ளை பெற்ற பெண்களுக்கு இலேசான வேலை வந்தது. ஒன்று மட்டும் மாறவில்லை. கூலிக்காகக் கொழுந்தை நிறுக்கும் ஒவ்வொரு தடவையும் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். தண்ணிக்கழிவு அநியாயம் என்று ஆண்டியப்பன் அத்தனை வருடமும் கத்தினார், கழிவு நிற்கவில்லை. இருந்தாலும் கத்தினார் என்பதற்காகவே 1955இலும் 1958இலும் கூடையை நிரப்பினார்கள்.

பூரணி கல்யாணமாகி நேரே மூடுபனிக்குள் வந்தவள். அவள் காம்பராவில், லயத்து ஒற்றை அறையில், துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு கரைந்து ஓடும். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். செல்லக்கிளியின் நெஞ்சுதான் பொறுக்கவில்லை. பிள்ளை மூச்சு இழுக்கும் சத்தம் அடுத்த காம்பராவுக்குக் கேட்டது. இன்னொரு மழைக்காலம் அந்த ஈரத்தில் கிடந்தால் பிள்ளை தங்காது என்று தோட்டத்து டாக்டர் சொன்னார். ஆண்டியப்பன் பதவியை விட்டுவிட்டதாகக் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். மூடுபனி அதை ஏற்கவில்லை. மாட்டுக்கொட்டிலில் படுத்துப் பார்த்தார். பிள்ளை அப்பாவைத் தேடிக்கொண்டு அங்கே போய்ப் படுத்தது. வாத்தியார் யோசித்துச் சொன்னார்: "வோட்டால வந்தது, வோட்டாலதான் போகும்."

அந்தத் தடவை பூரணி லயம் லயமாகப் போனாள்.

"எம் புருசனுக்குப் போடாதீங்க."

"நல்ல தலைவரு தாயி. அவர விட்டா நமக்கு யாரு?"

"வீரம்மாக்காவுக்குப் போடுங்க. எம் புருசன் ஜெயிச்சாருன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு உடப்புசல்லாவைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் உங்க தலைவருக்கு நீங்களே சோறாக்கிப் போடுங்க."

அவள் சேலைகளை மூட்டை கட்டியும் வைத்திருந்தாள். வீரம்மா தனியாள், புருசன் செத்துப் பல வருடம், குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். ஏன் நிற்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்னது: "மலையில கங்காணி என்னைப் பாக்குற பார்வைக்கு நான் அந்த மூடுபனிக்குள்ளயே இருந்துட்டுப் போறேன். சளி என்னையப் புடிச்சா சளிக்குத்தான் கஷ்டம்."

ஓட்டுப் போட்டு முடிந்தது. முந்தைய தேர்தல்களில் வாத்தியாரே நிறுத்தார். இம்முறை அவர் படியில் வழுக்கிக் கையை முறித்திருந்ததால் தராசு கணேசமூர்த்தியிடம் போனது. வீரம்மாவின் கூடையைத் தூக்கி மாட்டினார். "முப்பத்தொரு றாத்தல். கூடைக்கு ரெண்டு." ஆண்டியப்பனின் கூடை அவர் காலடியில், மூடுபனிக்குள் இருந்ததால் சொட்டிக்கொண்டு வந்தது. "முப்பத்திரண்டு றாத்தல். கூடைக்கு ரெண்டு. தண்ணிக்கு நாலு."

மடுவத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. "ஓட்டுக்குமாய்யா கழிவு?" "வயித்துல அடிச்சது போதாதா?" கணேசமூர்த்தி தொப்பியைக் கழற்றி, "வாய் பழகிப் போச்சு, வேணும்னு சொல்லல" என்றார். நிஜமாகவே வேண்டுமென்று சொல்லவில்லை.

"ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்றார் வாத்தியார். "தலைவர் சொல்லட்டும். ஈரத்தைக் கழிக்கிறதோ, விடுறதோ?"

கழிவு அநியாயம் என்று சொன்னால் ஆண்டியப்பன் மறுபடியும் தலைவர். சரி என்று சொன்னால் அவர் கத்திய கத்தெல்லாம் வீண். "சொல்லுங்க தலைவரே, நீங்க சொன்னதுதானே" என்று ஆட்கள் நெருக்கினார்கள். செல்லக்கிளி இருமினாள்.

"கொழுந்து ஈரம்தான்" என்றது மூடுபனிக்குள்ளிருந்து வந்த குரல். "தண்ணி ஓட்டுப் போடல. கழிச்சது சரி."

"நாளைக்கு எங்க கூடையிலயும் இதைச் சொல்லித்தானே வெட்டுவாங்க?"

"வெட்டுவாங்க. அதைப் புதுத் தலைவர்கிட்ட சொல்லுங்க."

சிலர் காறித் துப்பினார்கள். நியாயம்தான். வாத்தியார் வீரம்மாவின் பெயரைச் சொன்னார். மூடுபனி, பஸ்ஸில் ஒருவர் இடம் மாறி உட்காருவதுபோல, ஆண்டியப்பனை விட்டு எழுந்து மடுவத்தைக் கடந்து வீரம்மாவிடம் போனது. நாய் ஒரு தரம் குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. "குளுகுளுன்னுதான் இருக்கு" என்றது வீரம்மாவின் குரல். "கணக்கப்பிள்ளை ஐயா, நாளையிலருந்து தண்ணிக்குன்னு வாயைத் தொறங்க, நான் பாத்துக்கிறேன்." இரண்டு வருடம் கழித்து அவள் கழிவைப் பாதியாகக் குறைக்க வைத்தாள். முழுதாக அது நிற்கவில்லை.

பூரணி புருசனை முதல் முறையாகப் பத்தடி தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏங்க, நீங்க இவ்வளவு குட்டையா?"

"நீ மட்டும் என்ன உசரமாக்கும்" என்றார் அவர். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

காம்பராவில் அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றியது. பூரணி மூட்டையைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். பொழுது சாயும் நேரத்தில் செல்லக்கிளி மூச்சு இழுக்காமல் தூங்கினாள்; இருவரும் வேலையை விட்டுவிட்டு அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது லயத்து ஆள் அழகுமுத்து பழக்கத்தில் வந்து வாசலில் நின்று, "தலைவரே, கங்காணி இன்னைக்கும் முழு நாள் வேலைக்கு அரைப்பேர்தான் போட்டாரு, அரைக் கூலிதான் வரும்" என்றான். ஆண்டியப்பன் வாசலுக்கு வந்து, வாயைத் திறந்தார். பூரணி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தலைவரு மூணாவது லயத்துல இருக்காங்க. மூடுபனி நிக்குற காம்பரா. போய்ப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.