ஆறா, எட்டா

இதனால் சகல விவசாயப் பெருமக்களுக்கும், சுமைதூக்கும் தோழர்களுக்கும், வரிசையில் நிற்கும் டிராக்டர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், சேந்தங்கரை நெல் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் திரு. சவரியப்பன் அவர்களின் இரு கண்களும் இன்று வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு முறைப்படி மூடப்பட்டன, பத்து நிமிடம் கழித்துத் திறக்கப்படும், அதுவரை யாருடைய நெல்லுக்கும் ஈரமும் கிடையாது பதமும் கிடையாது... என்று ஒரு தண்டோராவை மனசுக்குள் போட்டுப் பார்த்தார் சவரியப்பன், அதில் பாதியில் சிரிப்பு வந்தது, சிரித்தால் துண்டு நழுவும், துண்டு நழுவினால் மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம், ஆகையால் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணாந்தபடியே கிடந்தார். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டு கண்ணின் மேல் கிடக்கிறது, அதிலிருந்து ஒரு சொட்டு காதோரமாக இறங்கிக் கழுத்துக்குள் போகிறது, அதைத் துடைக்கக் கையைத் தூக்கலாமா, தூக்கினால் துண்டு இடறுமா... மன்னார்குடியிலிருந்து பதினாலு கிலோமீட்டர் பைக்கில் வரும்போதே காற்று கண்ணை உறிஞ்சி எடுத்துவிடுகிறது, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாலும் எந்தச் சந்து வழியாகவோ நுழைந்துவிடுகிறது, வந்து இறங்கும்போது இமைக்குள் ஒரு பிடி உமியைக் கொட்டி வைத்த மாதிரி. அதனால் வீட்டில் ஒரு ஒத்தடம், இங்கே வந்து ஒரு ஒத்தடம். டீக்கடையிலிருந்து ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, துண்டை நனைத்துப் பிழிந்து, முகத்தில் போர்த்திவிட்டுப் போவது காவலர் இளையபெருமாள். அறுபதை நெருங்கும் அந்த ஆள் போர்த்துகிற பக்குவத்தைப் பார்த்தால் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று பழகிய கை மாதிரி இருக்கிறது. எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? இரண்டா? செல்போனில் அலாரம் வைத்திருக்கிறது, ஆனால் செல்போனைப் பார்க்கக் கண் வேண்டும்.

கண் காய்ந்துபோச்சு சார் என்றார் தஞ்சாவூர் டாக்டர், சொல்வதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார், வரி வரியாக அளவு போட்ட ஒரு காகிதக் கீற்றைக் கீழ் இமையில் மடித்து மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்தார், அப்புறம் உருவிப் பார்த்து, பதினஞ்சு மில்லிமீட்டராவது நனையணும், உங்களுக்கு நாலுதான் நனைஞ்சிருக்கு என்றார். சவரியப்பனுக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்தது. பதினெட்டு வருஷமாக ஊரார் நெல்லுக்கெல்லாம் ஈரம் அளந்து தள்ளுபடி சொன்னவன், என் கண்ணிலேயே கீற்றை வைத்து அளந்து தள்ளுபடி சொல்கிறானே ஒருத்தன்... நெல்லுக்குப் பதினேழு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்தான் வேண்டாம் என்பார்கள், குறைந்தால் கேள்வியே கிடையாது, அந்தக் கணக்குப்படி சவரியப்பனின் கண் முதல் ரகம், உடனே சாக்கில் கட்டித் தைத்துவிடலாம். அப்படிக் காய்ந்த கண்ணிலிருந்து ஏன் டாக்டர் சதா தண்ணீர் கொட்டுகிறது என்றால், காய்றதாலதான் கொட்டுது என்கிறார். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கிறதாம், அதன் வாயெல்லாம் அடைத்துக்கொண்டதாம், கண்ணீர் மேல் படிய எண்ணெய் இல்லையாம், வந்த தண்ணீர் கன்னத்தில் வழிந்து வீணாகிறதாம். மதகு தூர்ந்துபோன வாய்க்காலைப் பற்றித்தான் பேசுகிறார் என்று சவரியப்பனுக்கு நன்றாகவே புரிந்தது, அதைத் தூர்வார எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். டாக்டர் சிரித்தார், பல்லு வெளக்குற மாதிரி நெனச்சுக்குங்க சார், எத்தன நாளைக்குன்னு யாராவது கேப்பாங்களா என்றார். அதாவது சாகிற வரைக்கும். ஒத்தடம், இமையை நீவிவிடுவது, பஞ்சால் செதில் துடைப்பது, சொட்டு மருந்து, ராத்திரிக்கு மட்டும் ஆயின்மென்ட். கடைசி நாள் காலையிலும் துண்டோடுதான் கிடப்பார், அன்றைக்கு இளையபெருமாளின் பக்குவம் சரியாகப் பொருந்தும்.

ராத்திரிக்கு மட்டும் என்பது டாக்டர் சட்டம். காலையிலும் போட்டுக்கொள்வது சவரியப்பன் சட்டம். தூற்றுகிற மிஷின் ஓட ஆரம்பித்தால் சுணை பறக்கும், சாதாரணக் கண்ணுக்கே உறுத்தும், இவர் இமையோ உரித்த வெங்காயம், ஆயின்மென்ட்டைக் கெட்டியாக அப்பிக்கொண்டால்தான் சாயங்காலம் வரை உட்கார முடியும். கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். வெண்ணெய் தடவின கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி ஒரு இரண்டு மணி நேரம்... இரண்டா, மூன்றா. அதை யாரிடமும் சொன்னதில்லை, மண்டல ஆபீசில் சொன்னால், அப்படியா, கண்ணு தெரியாத ஆளா, ஓய்வெடுங்க சவரி என்பார்கள், பருவகாலப் பணியாளருக்கு ஓய்வென்றால் அடுத்த பருவம் கிடையாது, பதினெட்டு வருஷமாகப் பருவம், இந்த வருஷம்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்கிறார்கள். மனைவி மரியபுஷ்பத்துக்குத் தெரியும். அவள் பாட்டுக்கு, காலையில எதுக்குங்க அத எடுத்துட்டுப் போயி அங்க போட்டுக்கறீங்க என்பாள், டியூப பல்பொடி டப்பா மாதிரி தட்டித் தட்டி எடுக்கறீங்க, பெரிய கடைத்தெருப் பக்கம் போனா புதுசு ஒண்ணு வாங்கிட்டு வரத்தான் என்ன கேடு என்பாள், அவளுடைய அக்கா வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு குப்பி அனுப்பியிருக்கிறாள், இளையபெருமாள் நந்தியாவட்டைப் பூ பறித்துக்கொண்டு வருகிறார், ஆளுக்கொரு மருந்து, கண் மட்டும் இவருடையது. எரிச்சலாக இருக்கிறது. சொறியக் கூடாது. சொறியக் கூடாது என்று நினைத்ததும் இடது இமை ஓரம் எறும்பு ஊர ஆரம்பித்தது, துண்டுக்கு அடியில், கையெட்டும் தூரத்தில், கையே படக்கூடாத இடத்தில்...

ஆறா, எட்டா? இதுதான் நாலு நாளாக இமைக்கு அடியில் கிடக்கிற உமி. திங்கட்கிழமை மண்டல ஆபீசர் பார்வைக்கு வந்திருந்தார், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அம்சம் தட்டில் நெல் கொண்டுவந்தாள், நாலு மா குத்தகை நிலம் பயிர் வைக்கிற பொம்பளை, தானே நட்டு தானே அறுப்புக்கு ஆள் சேர்த்து தானே வண்டியேற்றிக் கொண்டுவந்தவள், சவரியப்பன் அளந்து ஈரம் பார்க்கிற மிஷினில் போட்டார், குச்சி குச்சியாக எண் விழுந்தது. பதினெட்டு புள்ளி எட்டு. தள்ளுபடி, காயவச்சு எடுத்துட்டு வாங்கம்மா. ஆபீசர் தலையாட்டினார். அவள் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு போனாள். அப்புறம்தான் பிடித்தது சனி. அந்த மிஷினில் ஆறுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம்? வலது பக்கம் மேலே ஒரு சின்னக் கோடு. கண்ணில் ஒரு பீளை இழை குறுக்கே கிடந்தாலே ஆறு எட்டாகிவிடும். பதினாறு புள்ளி எட்டு என்றால் அன்றைக்கே சாக்குப் பிடித்திருக்க வேண்டிய நெல். செவ்வாய் மூட்டம், புதன் தூறல், நேற்று ஒரு வேளை வெயில், அவள் குவியல் களத்து ஓரமாகத் தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டு கிடக்கிறது, இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை என்று காலையில் டிவியில் ஒரு பெண் புன்னகையோடு சொன்னாள். நனைந்தால் முளைத்துவிடும். முளைத்த நெல்லை எந்தச் சட்டத்திலும் எடுக்க முடியாது. மாதாவே, நான் தப்பாகப் படித்திருக்க வேண்டும்... அப்படி ஒரு வேண்டுதல் யாராவது வேண்டியிருப்பார்களா, என் கண் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று? வேண்டினார். பதினேழு சவரியப்பன் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கினவர், அரைப் புள்ளி கூட விடமாட்டார் என்று ஜனங்கள் சொல்வதாக அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

இளையபெருமாள் வந்தார், ஆறிப்போன துண்டை எடுத்துச் சூடான துண்டைப் போட்டார், சார், இன்னும் பாதி இருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கண்ணை மூடினவனுக்குக் காதும் மூடிக்கொள்ளும் என்று ஜனங்கள் எப்படித்தான் நம்புகிறார்களோ, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், இவர் பிடரிக்கு இரண்டடி தூரத்தில், இராஜாங்கத்தின் குரல், பதினைந்து ஏக்கர்க்காரர், மூட்டைக்குள் வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாலும் முகம் மாறாத மனுஷர். “என்னா இளையபெருமாளு, சாரு துணிய எடுத்துட்டாரா?” “அஞ்சு நிமிசம் இருக்குங்க.” “மருந்து?” “துணிக்கப்பறம் நீவி விட்டுக்குவாரு, அதுக்கப்பறந்தான் மருந்து. ஒரு வரிசையின்னு இருக்குல்ல.” “அந்த வரிசையத்தான் நானும் சொல்றேன். மருந்து உள்ள போனப்பறம் என் தட்ட வையி. அதுக்கு முன்னால வச்சே, ஒன்னத் தூக்கி மிஷின்ல போட்டு ஈரம் பாத்துருவேன்.” யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் குரல், மெதுவாக, அம்சம்தான், “அது என்னண்ணே, மருந்துக்கு முன்ன பின்னன்னு?” “அடப்பாவமே, ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே தங்கச்சி. மருந்து போட்டுக்கிட்டாருன்னா பதினாறு சாருக்கு எல்லா நெல்லும் பதினாறுதான். போடலன்னா உள்ளத உள்ளபடி சொல்லிடுவாரு.” “அன்னைக்கு என் நெல்லுக்கு பதினெட்டுன்னாரே.” “திங்கக்கெழமதான? ஆபீசர் வர்றாருன்னு மூஞ்சி பளபளன்னு இருக்கக் கூடாதுன்னு சாரு மருந்தே போட்டுக்கல. அன்னைக்கு வேற ஒரு ஆளாச்சும் தட்டத் தூக்குனமா, சொல்லு? நீ ஒருத்திதான் போய் நின்ன.” இளையபெருமாள் செருமினார், மெல்லப் பேசுங்க, தூங்குறாரு. “தூங்கட்டும் தூங்கட்டும், நல்ல மனுசன்.”

பதினாறு சார். துண்டுக்கு அடியில் சவரியப்பன் அசையவில்லை, அசைந்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும், தெரிந்தால் கேட்டது தெரிந்துவிடும், இத்தனை வருஷத்தில் இதைப் போல மரமாகக் கிடந்ததில்லை. திங்கட்கிழமை களம் வெறிச்சோடிக் கிடந்ததற்குக் காரணம் ஆபீசர் மேல் உள்ள மரியாதை என்றல்லவா நினைத்தார், ஆபீசரும் அப்படித்தான் நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார். சரி, எல்லாம் ஏன் பதினாறு? யோசிக்க வேண்டியதே இல்லை, தெரியும், எப்போதுமே தெரியும். மங்கின கண்ணோடு பத்தொன்பது என்று சொன்னால், எங்க சார், காட்டுங்க என்று விவசாயி மிஷினுக்குள் தலையை விடுவான், அங்கே வேறு எண் இருந்தால்? பதினாறு என்று சொன்னால் எவனும் எட்டிப் பார்ப்பதில்லை, கும்பிட்டுவிட்டுப் போவான். இரக்கமா அது? பயம். வெறும் பயம், அதற்கு நல்ல மனுசன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியானால்... எறும்பு ஊர்கிறது, சொறியக் கூடாது... அப்படியானால் திங்கட்கிழமை மருந்து போடவில்லை, எரிந்தது, ஆனால் மங்கவில்லை, எட்டின் வலது மேல் கோடு நன்றாக, கறுப்பாக, அங்கேயே நின்றது, அவர் பார்த்தார். இந்தப் பருவம் முழுக்கச் சவரியப்பன் உண்மையாகப் பார்த்துச் சொன்ன எண் ஒன்றே ஒன்று, அது அம்சத்தினுடையது. ஆறா எட்டா என்று நாலு நாளாக உருட்டியது கண்ணின் சந்தேகம் இல்லை போலிருக்கிறது, அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் தேவலை என்கிற ஆசை. நேர்மையாக இருந்த ஒரே நாளில் ஒருத்தியின் நெல்லைத் தெருவில் விட்டாயிற்று. இனி என்ன, வாய்விட்டுச் சொல்வதா, எனக்கு மருந்து போட்டால் தெரியாது என்று? சொன்னால் வேலை போச்சு, இராஜாங்கத்தின் இருநூறு மூட்டை எந்தக் கணக்கு? சொல்லாவிட்டால்... அலாரம் கோழி கூவியது.

துண்டை எடுத்தார். ஒத்தடம் முடிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் பார்வை நல்லாத் தெளியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அந்த ஆள் சொன்னதில் இது ஒன்றுதான் பழுதில்லாமல் நடந்தது. எண்ணெய் உருகிக் கண்மேல் படர்ந்து, உலகத்தைக் கழுவித் துடைத்து எதிரில் வைத்த மாதிரி, ஜன்னல் கம்பியில் துரு தெரிந்தது, வடக்கே மேகத்தின் அடிவயிறு தெரிந்தது, வாசலில் தட்டோடு அம்சம் நிற்பது தெரிந்தது. விரலால் இமையை மேலிருந்து கீழாக நீவிக்கொண்டார், அவசரமில்லாமல். அவள் உள்ளே வந்து தட்டை மேஜைமேல் வைத்தாள். தட்டின் ஓரத்தில் ஒரு நெல்லின் மூக்கில் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு ஒரு முளை. அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார், தெளிந்த கண் அதைத்தான் பார்த்தது. அதைப் பொறுக்கி எறிந்துவிடலாம், ஒன்றுதானே, இரண்டாவது இல்லையே... இரண்டாவது இருந்தது. “என்னம்மா, காயவச்சியா?” “வெயிலு எங்க சார் அடிச்சுது.” “நேத்து அடிச்சுதே.” “நேத்து அடிச்ச வெயிலு நேத்தோட போச்சு சார். தார்ப்பாயி ஒரு எடத்துல கிழிசலு வேற.” மிஷினை இழுத்து வைத்தார், நெல்லை அளக்கும் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். அவள் சட்டென்று கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த டியூபைப் பார்த்தாள். “மொதல்ல மருந்து போட்டுக்கங்க சார்,” என்றாள், “நான் நிக்கிறேன், அவசரமில்ல.”

ஜன்னலுக்கு வெளியே பேச்சு நின்றிருந்தது. ஜன்னலோரப் பேச்சு இவர் காதில் விழுந்தது அவளுக்குத் தெரியுமா, தெரியாதா, தெரிந்துதான் சொல்கிறாளா... இதுவரை பயத்தில் போட்டுக்கொண்டதை இந்த ஒரு தடவை தெரிந்தே போட்டுக்கொண்டால் அது பாவமா, அல்லது இந்தப் பருவத்தின் முதல் நல்ல காரியமா, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்தக் கட்டளைக்குக் கீழே சொல்வது? பார்வை தெளிந்துகொண்டே இருந்தது, கண்ணாடி மாதிரி, சகிக்க முடியாத மாதிரி. சவரியப்பன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். டியூபை எடுத்தார், மூடியைத் திருகினார், கீழ் இமையை விரலால் இழுத்து அண்ணாந்து, அமுக்கினார்.

டியூபில் மருந்து இல்லை.